ஒரே மருந்து மூணு வகையில வருதே ஏன்? டாக்கிங் ஸ்கோர் நல்லா வந்தா அது இலக்கு ஆயிடுமா?

துளசிச்செடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.பார்ம் ஃபார்மகாலஜி, முதல் வருஷம். ரெண்டு சந்தேகம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு.

முதல்ல வகைப்பாடு. ஆஸ்பிரின் ஒரு புத்தகத்துல வலிநிவாரணி, இன்னொண்ணுல என்எஸ்ஏஐடி (ஸ்டீராய்டு இல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்து), மூணாவதுல ரத்தத்தட்டு எதிர்ப்பு மருந்து. அம்லோடிபினும் வெராபமிலும் கால்சியம் சேனல் பிளாக்கர்னு ஒரே கட்டத்துல இருக்கு. ஆனா அம்லோடிபினை அடெனலால்ங்கிற பீட்டா பிளாக்கரோட சேர்த்து ஒரே மாத்திரையா விக்கிறாங்க, வெராபமிலை பீட்டா பிளாக்கரோட சேர்க்காதேங்கிறாங்க. எந்த வகைப்பாட்டை வச்சுப் படிக்கிறது?

ரெண்டாவது, புது மருந்து இலக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ப்ராஜெக்ட்டுக்காக மஞ்சள்ல இருக்கிற குர்குமினை, ரத்தக் கொழுப்போட சம்பந்தப்பட்ட பிசிஎஸ்கே9 புரதத்தோட ஆட்டோடாக் வினாங்கிற மென்பொருள்ல டாக் பண்ணினதுல (எங்க, எவ்வளவு இறுக்கமா ஒட்டும்னு கணினில கணிக்கிறது) பிணைப்பு ஆற்றல் மைனஸ் 8.6 கிலோகலோரி வந்திருக்கு. "குர்குமினின் புதிய இலக்கு பிசிஎஸ்கே9" னு தலைப்பு வைக்கலாமா? வைக்கக் கூடாதுன்னா, காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

---

கல்வம் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு வகைப்பாடும் ஒருவருடைய வேலைக்காகப் போட்டது. வேதியியல் படித்தவர் மூலக்கூறின் அமைப்பைப் பார்ப்பார், மருத்துவர் நோயைப் பார்ப்பார், மருந்தியல்காரர் எந்தப் புரதத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பார், மருந்துக்கடையில் இருப்பவர் சட்டத்தின் விற்பனைக் கட்டுப்பாட்டு அட்டவணை எச்சா, எச்1-ஆ, எக்ஸா என்று பார்ப்பார். ஒரே மருந்துக்கு நாலு முகவரி இருப்பதில் தப்பில்லை. ஒரு முகவரியை வைத்துக்கொண்டு இன்னொரு ஊருக்கு வழி தேடினால்தான் சிக்கல்.

ஆஸ்பிரினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வலியையும் ரத்த உறைவையும் தூண்டும் பொருள்களைச் செய்யும் காக்ஸ் நொதியிலுள்ள ஒரு சீரின் (அமினோ அமிலம்) மேல் அசிட்டைல் குழுவை ஒட்டிவிடுகிறது. ஒட்டினால் திரும்பக் கழலாது. ரத்தத்தட்டுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள வழியில்லை. அதனால் 75 மி.கி. கொடுத்தாலே அந்தத் தட்டு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, செயலிழந்து கிடக்கும். மற்ற செல்கள் சில மணி நேரத்தில் புது நொதி செய்துகொள்ளும், எனவே வலி குறைய 300 மி.கி.க்கு மேல், அதுவும் திரும்பத் திரும்ப வேண்டும். செயல்முறை ஒன்றுதான். அளவும் செல்லும் மாறியதால் வகை இரண்டானது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி என்ற மருந்துக் குறியீட்டு முறை இதை ஒளிக்காமல் காட்டுகிறது. ஆஸ்லோவிலுள்ள மையம் பராமரிக்கும் அந்தப் பட்டியலில் ஆஸ்பிரினுக்கு மூன்று குறியீடு: ரத்தத்தட்டு எதிர்ப்புக்கு பி01ஏசி06, வலிக்கு என்02பிஏ01, வாய்க்குள் போடும் மருந்தாக ஏ01ஏடி05. ஃபினஸ்டரைடு இன்னும் தெளிவு. 5 மி.கி. என்றால் புராஸ்டேட் மருந்து, ஜி04சிபி01. அதே மூலக்கூறு 1 மி.கி. என்றால் முடி உதிர்வுக்கு, டி11ஏஎக்ஸ்10. குறியீட்டை இடமிருந்து வலமாக ஐந்து படியாகப் படிக்கப் பழகுங்கள். மெட்ஃபார்மின் ஏ10பிஏ02: ஏ என்றால் செரிமானமும் வளர்சிதைமாற்றமும், ஏ10 நீரிழிவு, ஏ10பி இன்சுலின் அல்லாத சர்க்கரை குறைப்பி, ஏ10பிஏ பைகுவனைடு, கடைசி 02 மெட்ஃபார்மின். முதல் படி உறுப்பு மண்டலம், நடுவில் சிகிச்சையும் செயல்முறையும், நான்காவதில் பெரும்பாலும் வேதியியல். ஒரே குறியீட்டுக்குள் மூன்று வகைப்பாடு அடுக்கப்பட்டிருக்கிறது.

அம்லோடிபின், வெராபமில் விஷயம். இரண்டும் தடுப்பது எல்-வகை கால்சியம் சேனலைத்தான். ஆனால் ஒட்டும் இடமும் நேரமும் வேறு. வெராபமில் சேனல் திறக்கும்போது உள்ளே நுழைந்து துளையில் உட்காரும். எந்தத் திசு அடிக்கடி சேனலைத் திறக்கிறதோ அங்கே அதிகம் உட்காரும். இதயத்தில் துடிப்பைத் தொடங்கிக் கடத்தும் எஸ்ஏ, ஏவி கணுக்கள் நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை திறக்கின்றன. அம்லோடிபின் டைஹைட்ரோபிரிடின் குடும்பம். அது செயலிழந்த நிலையிலுள்ள சேனலை விரும்பும், அந்த நிலை ரத்தக்குழாயின் மென்தசையில்தான் அதிகம். ஆக ஒன்று இதயத்தை மெதுவாக்கும், மற்றது குழாயைத் தளர்த்தும். பீட்டா பிளாக்கரும் அதே ஏவி கணுவை மெதுவாக்குவது. வெராபமிலையும் சேர்த்தால் இதயத்துடிப்பு அபாயகரமாகக் குறையலாம், கடத்தலே அடைபடலாம். அம்லோடிபினோடு சேர்த்தால், குழாய் தளர்ந்ததும் அனிச்சையாக ஏறும் துடிப்பை அடெனலால் அடக்குகிறது. ஏடிசியில் ஒன்று சி08சி, மற்றது சி08டி என்று பிரித்திருப்பது இதற்காகவே. "கால்சியம் சேனல் பிளாக்கர்" என்ற ஒற்றைக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் குறிப்புகளை நம்பிப் படிக்காதீர்கள்.

வேதியியல் வகைப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறு விதமாக வழுக்கும். சல்ஃபோனமைடு என்ற ஒரே குழுவுக்குள் சல்ஃபாமெதாக்சசோல் இருக்கிறது, ஃபுரோசமைடு இருக்கிறது, கிளிமெபிரைடும் வரும். ஒன்று பாக்டீரியாவுக்கு, ஒன்று சிறுநீர் பிரிய, ஒன்று சர்க்கரைக்கு. சல்ஃபா ஆன்டிபயாடிக் ஒவ்வாமையில் முக்கியப் பங்கு வகிக்கும் அரைலமீன் பகுதி மற்ற இரண்டிலும் இல்லை, அதனால் அந்த ஒவ்வாமை இங்கேயும் அப்படியே தொடரும் என்று கொள்ள முடியாது.

பெயரின் வாலை வைத்து வகை சொல்லும் பழக்கமும் பாதி தூரம்தான் வரும். "ஸ்டாட்டின்" என்று முடிவதெல்லாம் கொழுப்பு மருந்தில்லை. நிஸ்டாட்டின் பூஞ்சைக்கு, சோமாடோஸ்டாட்டின் ஹார்மோன். சரியான வால் "வாஸ்டாட்டின்". "பிரசோல்" என்று அரிபிபிரசோலும் முடிகிறது, அது மனநோய்க்கான மருந்து, வயிற்று அமிலத்துக்கு அல்ல. அடெனலால் போலவே "லால்" என்று முடிந்தாலும் ஸ்டனோசோலால் பீட்டா பிளாக்கர் இல்லை, ஸ்டீராய்டு.

சட்ட வகைப்பாட்டுக்கு மருந்தியலோடு நேர் தொடர்பு குறைவு. நம் நாட்டில் அட்டவணை எச்1 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின், காசநோய் மருந்து, அல்பிரசோலம், டிரமடால் எல்லாம் அதில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கட்டுப்பாடில்லாமல் விற்றால் சமூகத்துக்குக் கெடுதல் என்ற ஒரே காரணம் அவற்றைச் சேர்க்கிறது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

---

குளிர்அறை பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நேரடி பதில்: அந்தத் தலைப்பை வைக்கக் கூடாது. நீங்கள் பிசிஎஸ்கே9-ஐயே எடுத்திருப்பது நல்லதாகப் போயிற்று. ஒரு புரதம் இலக்கு ஆன வழியை இதைவிடச் சுத்தமாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை "பிணைப்புப் புரதம்" என்று சொல்லலாம். அதை மாற்றினால் நோய் மாறும் என்று காட்டிய பிறகுதான் அது இலக்கு. புரதம் தரும் மனித மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. 2017-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்த 1,578 மருந்துகளும் சேர்ந்து 893 உயிர்மூலக்கூறுகளின் வழியாகத்தான் வேலை செய்கின்றன, அவற்றில் மனிதப் புரதங்கள் 667. பாக்கியிருப்பவை ஏராளம். ஆனாலும் புது இலக்கு அரிதாகவே வருகிறது, ஏனென்றால் கஷ்டம் ஒட்டவைப்பதில் இல்லை, அந்தப் புரதம் நோய்க்குக் காரணம் என்று நிரூபிப்பதில் இருக்கிறது.

பிசிஎஸ்கே9 கதை மருந்திலிருந்து தொடங்கவில்லை, குடும்பங்களிலிருந்து தொடங்கியது. 2003-ல் மாண்ட்ரியாலில் நபில் செய்தா குழு இந்தப் புரதத்தை விவரித்தது. அதே ஆண்டு பாரிஸில் மரியான் அபிஃபாடெல், கேத்தரின் புவாலோ குழு, பரம்பரையாகக் கொழுப்பு ஏறும் பிரெஞ்சுக் குடும்பங்களில் இதன் மரபணுவில் பிறழ்வு இருப்பதைக் கண்டது. அந்தப் பிறழ்வு புரதத்தின் வேலையைக் கூட்டியது. அப்படியானால் வேலையைக் குறைத்தால்? டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் அதைத்தான் கேட்டார்கள். எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) மிகக் குறைவாக உள்ளவர்களைத் தேடினார்கள். கறுப்பின மக்களில் சுமார் 2 சதவீதம் பேரிடம் புரதத்தையே பாதியில் முறிக்கும் பிறழ்வுகள் இருந்தன. 2006-ல் 15 ஆண்டு பின்தொடர்ந்த தரவு வந்தது. அந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதயக்குழாய் நோய் 88 சதவீதம் குறைவு. இரண்டு பிரதியுமே வேலை செய்யாத, ஆரோக்கியமான 32 வயதுப் பெண்ணும் இருந்தார். எல்டிஎல் 14 மி.கி. மட்டும்.

அந்த ஒரு பெண் மருந்தியலுக்கு எவ்வளவு பெரிய தகவல் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் புரதத்தை முழுக்க அணைத்தாலும் மனிதர் உயிரோடு நன்றாக இருப்பார் என்ற பாதுகாப்புச் சான்று, மருந்து என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. எலியில் மரபணுவை நீக்கிக் கிடைக்கும் சான்றைவிட இது பல மடங்கு கனம். மரபியல் ஆதரவு உள்ள இலக்குகள் அனுமதிவரை போய்ச் சேரும் வாய்ப்பு மற்றவற்றைவிட 2.6 மடங்கு என்று 2024-ல் நேச்சரில் வந்த ஆய்வு சொல்கிறது.

அடுத்து, எப்படித் தடுப்பது. இங்கேதான் வகைப்பாடு உங்களை ஏமாற்றும். பிசிஎஸ்கே9 பெயரளவில் புரோட்டியேஸ். எச்.ஐ.வி. புரோட்டியேஸ் தடுப்பி மாதிரி வினையிடத்தில் ஒன்றைச் செருகலாம் என்று தோன்றும். ஆனால் இது தன்னைத்தானே ஒருமுறை வெட்டிக்கொண்டு செல்லைவிட்டு வெளியே வருவதோடு அந்த வேலை முடிந்தது. அதன்பின், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பியின் ஈஜிஎஃப்-ஏ என்ற பகுதியில் வெறுமனே ஒட்டிக்கொள்கிறது. சாதாரணமாக அந்த ஏற்பி செல்லுக்குள் போய், அமிலச் சூழலில் எல்டிஎல்லை விட்டுவிட்டு, மடங்கி மேலே திரும்பும். பிசிஎஸ்கே9 ஒட்டியிருந்தால் அமிலத்தில் பிடி இன்னும் இறுகும், ஏற்பி மடங்க முடியாமல் லைசோசோமில் (செல்லின் கழிவு அழிக்கும் பை) அழியும். வெளியே வந்துவிட்ட பிசிஎஸ்கே9-இன் வினையிடத்தை அடைத்து ஒரு பயனும் இல்லை. தடுக்க வேண்டியது ஒட்டும் பரப்பை. அது குழி இல்லாத தட்டையான பரப்பு, சிறுமூலக்கூறுக்குப் பிடி கிடைக்காது. அதனால்தான் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) முந்திக்கொண்டன: அலிரோகுமாப், இவோலோகுமாப் இரண்டும் 2015-ல் அனுமதி. பிறகு, புரதம் உண்டாவதையே நிறுத்தும் இன்க்ளிசிரான் என்ற எஸ்ஐஆர்என்ஏ. ஆக உங்கள் டாக்கிங்கில் முதலில் பார்க்க வேண்டியது: குர்குமின் எந்த இடத்தில் உட்கார்ந்தது? வினையிடத்திலா, ஈஜிஎஃப்-ஏ ஒட்டும் பரப்பிலா, வேறெங்கோ ஒரு பள்ளத்திலா?

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மரபணு காட்டிய 88 சதவீதத்தை மருந்திடம் எதிர்பார்க்கக் கூடாது. இவோலோகுமாபின் ஃபூரியர் ஆய்வில் 27,564 பேர். எல்டிஎல் 92-லிருந்து 30-க்கு இறங்கியது. ஆனால் முதன்மை நிகழ்வுகள் 15 சதவீதமே குறைந்தன. பிறழ்வு பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது, மருந்தோ ஏற்கெனவே அடைபட்ட குழாயில் சராசரியாக இரண்டு ஆண்டு சொச்சம் இருந்தது.

எதிர் உதாரணம் டார்செட்ரபிப். சிஇடிபி என்ற புரதத்தைத் தடுக்கும், எச்டிஎல்லை 72 சதவீதம் ஏற்றும். நல்ல கொழுப்பு ஏறினால் மாரடைப்பு குறையும் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிட்டு வந்த நம்பிக்கை. 15,067 பேரில் நடந்த சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து பெற்றவர்களில் இறப்பு 58 சதவீதம் அதிகம். மேல் ரத்த அழுத்தம் 5.4 மி.மீ. ஏறியிருந்தது, ஆல்டோஸ்டிரோனும் ஏறியிருந்தது. அது சிஇடிபியால் வந்ததல்ல, அந்த மூலக்கூறு வேறெங்கோ செய்த வேலை. ஒரே மருந்தில் இரண்டு கோளாறு: எச்டிஎல் நோய்க்குக் காரணமா என்று மரபியலில் சோதிக்கவில்லை, மூலக்கூறும் தன் இலக்கோடு நிற்கவில்லை. பின்னால் 2012-ல் எச்டிஎல்லை மட்டும் ஏற்றும் ஒரு மரபணு மாற்றத்தைப் பார்த்தபோது, அது உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவே இல்லை.

---

நுண்ணுயிர் பதில்:

குளிர்அறை சொன்னதில் ஒரு பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. இலக்கை நிரூபித்துவிட்டுத்தான் மருந்துக்குப் போக வேண்டும் என்ற தொனி வருகிறது. மருந்து முதலில், இலக்கு பிறகு என்ற வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1999 முதல் 2008 வரை வந்த, தம் வகையில் முதலான சிறுமூலக்கூறுகள் 50-ல் 28 இலக்கு தெரியாமல், செல்லிலோ உயிரியிலோ விளைவைப் பார்த்துக் கண்டெடுத்தவை. இலக்கிலிருந்து தொடங்கியவை 17. நீங்கள் பேசும் அதே கொழுப்புத் துறையிலேயே எசெட்டிமைப் இருக்கிறது. 2002-ல் விற்பனைக்கு வந்தது. அது ஒட்டும் என்பிசி1எல்1 புரதம் தெரிய வந்தது 2004-ல்.

காசநோயில் இது இன்னும் வெளிப்படை. ஐசோனியாசிட் 1952-லிருந்து பயன்பாட்டில். அதன் இலக்கான இன்எச்ஏ நொதி 1994-ல்தான் தெரிந்தது. பெடாகுவிலினைப் பாருங்கள். வேகமாக வளரும், ஆபத்தில்லாத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் மேல் சேர்மங்களைக் கொட்டி, எது வளர்ச்சியை நிறுத்துகிறது என்று பார்த்தார்கள். இலக்கைப் பிறகு தேடினார்கள். தேடிய முறையைத் துளசிச்செடி தெரிந்துகொள்ள வேண்டும், சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வகத்திலேயே செய்யக் கூடியது.

வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவை, அதாவது எம்ஐசியை, முதலில் கணக்கிடுங்கள். அதைவிட 4 முதல் 10 மடங்கு மருந்து கலந்த அகார் தட்டில் 10 கோடி முதல் 100 கோடி பாக்டீரியா வரை பரப்புங்கள். தப்பிப் பிழைத்து வரும் காலனிகளை எடுத்து, மருந்தில்லாத ஊடகத்தில் இரண்டு மூன்று முறை வளர்த்து, எம்ஐசி இன்னும் ஏறியே இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கிவிட்டால் அது தற்காலிகத் தாக்குப்பிடிப்பு, மரபணு மாற்றமல்ல. நிலைத்தவற்றின் முழு மரபணுத்தொகுதியையும் மூலவகையோடு சேர்த்து வரிசைப்படுத்துங்கள். வெவ்வேறு குடுவையில் தனித்தனியாகத் தொடங்கிய காலனிகளை எடுப்பது முக்கியம். ஒரே குடுவையிலிருந்து பத்து எடுத்தால் பத்தும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கும். தனித்தனிப் பிறழ்விகளில் ஒரே மரபணு திரும்பத் திரும்ப அடிபட்டால் அதுதான் துப்பு. பெடாகுவிலினில் அது ஏடிபி சிந்தேஸின் சி துணையலகுக்கான ஏடிபிஇ மரபணு என்று வந்தது. 2005-ல் வெளியானது, 2012 டிசம்பரில் எஃப்டிஏ அனுமதி.

பெரும்பாலானோர் விழும் குழி இது: எதிர்ப்பு தரும் மரபணு எல்லாம் இலக்கு இல்லை. ஐசோனியாசிட் எதிர்ப்பில் மிக அதிகமாக அடிபடுவது கேட்ஜி. அது இலக்கே அல்ல, மருந்தைச் செயல்வடிவத்துக்கு மாற்றும் நொதி. அது கெட்டால் மருந்து விழிக்காது, அவ்வளவுதான். பெடாகுவிலினில் நோயாளிகளிடம் பெரும்பாலும் காண்பது ஆர்வி0678 பிறழ்வு. அது மருந்தை வெளியே தள்ளும் பம்பின் கட்டுப்பாட்டு மரபணு. அதனால் வரிசையோடு நிற்காமல் அந்த ஒரே பிறழ்வைச் சுத்தமான மூலவகைக்குள் வைத்து எம்ஐசி ஏறுகிறதா என்றும், இலக்குப் புரதத்தை அதிகமாகச் செய்ய வைத்தால் எம்ஐசி ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சுத்திகரித்த புரதத்தில் நேரடித் தடுப்பு. இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டினால் இலக்கு என்று எழுதலாம்.

---

குளிர்அறை பதில்:

நுண்ணுயிர் சொல்வது சரி, என் தொனியைத் திருத்திக்கொள்கிறேன். தொற்றுநோயில் பாக்டீரியாவே சாட்சி சொல்கிறது. மனிதப் புரதத்தில் அந்த வசதி குறைவு என்பதால் மரபியலைப் பிடித்தேன்.

புற்றுநோய் செல்களில் இந்தச் சாட்சியைக் கேட்காமல் விட்டதன் விலைக்கு மெல்க் என்ற கைனேஸ் நொதி உதாரணம். ஆர்என்ஏ இடையீட்டால் அதை அணைத்தபோது செல்கள் செத்தன, தடுப்பி மருத்துவச் சோதனைக்கே போனது. 2017-ல் ஜேசன் ஷெல்ட்சர் குழு கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் மெல்க் மரபணுவை முழுக்க வெட்டியது. செல்கள் எப்போதும் போல வளர்ந்தன. மெல்க் இல்லாத செல்லில் ஊற்றினாலும் அந்தத் தடுப்பி அதே அளவில் கொன்றது. அப்படியானால் அது கொல்வது வேறெதன் வழியாகவோ. "இலக்கை நீக்கிவிட்டு மருந்தைக் கொடு, விளைவு மறைகிறதா பார்" என்ற இந்தச் சோதனையை எந்தத் தலைப்புக்கும் முன்னால் செய்யுங்கள்.

---

துளசிச்செடி:

ரொம்ப நன்றி சார். குர்குமின் எங்க உட்காந்துச்சுன்னு இப்பத்தான் பார்த்தேன். புரதம் முழுசையும் சுத்திப் பெட்டி போட்டிருந்தோம். அது உட்காந்தது ஈஜிஎஃப்-ஏ பரப்புல இல்ல, சி-முனைப் பக்கம் ஒரு பள்ளத்துல. காலேஜ்ல செல் கல்ச்சர் இருக்கு, ஹெப்ஜி2 (ஈரல் புற்றுநோய்) செல் இருக்கு, எலைசா ரீடர், ஃபுளோரசன்ஸ் பிளேட் ரீடர் இருக்கு. பிணைப்பை நேரடியா அளக்கிற எஸ்பிஆர் மாதிரி பெரிய கருவி இல்ல. நாலு மாசத்துல என்ன பண்ணலாம்?

---

அரோமாட்டிக் பதில்:

முதலில் அந்த மைனஸ் 8.6-இன் அர்த்தத்தைக் கணக்குப் போடுவோம். அறை வெப்பத்தில் ஒவ்வொரு 1.36 கிலோகலோரியும் பிணைப்பில் பத்து மடங்கு. 8.6 என்றால் பிணைப்பு மாறிலி சுமார் 0.5 மைக்ரோமோலார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வினாவின் மூலக் கட்டுரையே சொல்லும் பிழை 2.85 கிலோகலோரி, அதாவது இரண்டு பக்கமும் நூறு மடங்குக்கு மேல். ஆக உங்கள் எண் 4 நானோமோலாரிலிருந்து 60 மைக்ரோமோலார் வரை எதுவாகவும் இருக்கலாம். டாக்கிங்குக்குப் பயன் உண்டு: ஆயிரம் சேர்மங்களில் எந்த ஐம்பதை முதலில் வாங்கிச் சோதிப்பது என்று வரிசைப்படுத்த. ஒரே சேர்மத்தை ஒரே புரதத்தோடு டாக் செய்து வந்த எண் எதையும் நிரூபிக்காது. அதே பெட்டியில் சம்பந்தமில்லாத, அதே மூலக்கூறு எடையுள்ள இருபது சேர்மங்களை டாக் செய்து பாருங்கள். பாதிக்கு மேல் 8-ஐத் தாண்டினால் அந்தப் பள்ளம் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் பள்ளம்.

சரிபார்க்க இன்னொரு வழி, படிகத்தில் ஏற்கெனவே இருந்த மூலக்கூறை எடுத்துவிட்டு மறுபடி டாக் செய்து, பழைய நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா என்று பார்ப்பது. நீங்கள் எடுத்த பிசிஎஸ்கே9 அமைப்பில் சிறுமூலக்கூறு இல்லையென்றால் இந்தச் சோதனைக்கே வழியில்லை, அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

இப்போது குர்குமின். மஞ்சள் மேல் நமக்கெல்லாம் பாசம் உண்டு, அதற்காகவே இதைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தச் சோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்று காட்டும் சேர்மங்களுக்கு பெயின்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. குர்குமின் அவற்றில் பேர்போனது. காரணம் ஒன்றல்ல. பிஎச் 7.2 தாங்கற்கரைசலில், 37 டிகிரியில், சீரம் இல்லாமல் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடும். 24 மணி நேரச் சோதனையில் நீங்கள் பார்ப்பது சிதைவுப் பொருளின் வேலையாக இருக்கலாம். புரதத்தின் சிஸ்டீனோடு நேரடியாக வினைபுரியும். உலோக அயனியைப் பிடிக்கும். தானே ஒளிரும், பச்சை அலைநீளச் சோதனைகளைக் கெடுக்கும். கரையாமல் திரண்டு, அந்தத் திரள் மேல் எந்தப் புரதமும் ஒட்டி முடங்கும். கடைசிக் கோளாறுக்கு மட்டும் எளிய சோதனை: சுத்தப் புரதத்தோடு செய்யும் சோதனையில் 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 சேருங்கள். தடுப்பு மறைந்தால் அது திரளின் வேலை. செல்லில் இதைச் செய்யாதீர்கள், சவ்வு கிழியும்.

ஹெப்ஜி2 இருப்பது போதும். 96 குழித் தட்டில் செல்களைப் போட்டு ஒரு நாள் ஒட்டவிடுங்கள். பிறகு சாதாரண சீரத்தை எடுத்துவிட்டு 5 சதவீதம் லிப்போபுரதம் நீக்கிய சீரத்துக்கு மாற்றுங்கள். இதை விட்டால் செல்லில் கொழுப்பு நிறைந்திருக்கும், எல்டிஎல் ஏற்பி ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கும், எந்த வித்தியாசமும் தெரியாது. சேர்மத்தை 24 மணி நேரம் கொடுங்கள். கரைப்பானான டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்தைத் தாண்டாமல். கடைசி 4 மணி நேரம் டிஐ என்ற ஒளிரும் நிறமேற்றிய எல்டிஎல் கொடுத்து, கழுவி, ஒளிர்வைப் படியுங்கள். நிறமில்லாமல் குர்குமின் மட்டும் போட்ட குழிகள் கட்டாயம், இல்லையென்றால் மஞ்சளின் ஒளியையே எல்டிஎல் என்று எண்ணிவிடுவீர்கள். செல் உயிரோடிருக்கிறதா என்று எம்டிடி நிறச் சோதனை செய்தால், செல்லே இல்லாத குழியிலும் செய்யுங்கள். இம்மாதிரி சேர்மங்கள் எம்டிடியைத் தாமே ஊதாவாக்கும்.

தட்டின் தரத்தை முதலில் பாருங்கள். நேர், எதிர்க் கட்டுப்பாடுகளின் நியமவிலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழியுங்கள். 0.5-க்கு மேல் வந்தால் தட்டு நம்பத்தக்கது. கீழே என்றால் சேர்மத்தைத் தொடவே வேண்டாம், செல் எண்ணிக்கையையும் கழுவும் முறையையும் சரிசெய்யுங்கள். ஓரக் குழிகள் ஆவியாகி எண்ணைக் கெடுக்கும், அவற்றில் வெறும் ஊடகம் போதும்.

---

குளிர்அறை பதில்:

அரோமாட்டிக் சொன்ன தட்டிலேயே உங்கள் கேள்விக்கு விடை தரும் ஒரு வரிசை சேர்க்கலாம். எல்டிஎல் உள்வாங்கல் ஏறினால் மட்டும் பிசிஎஸ்கே9 இலக்கு ஆகாது. ஸ்டாட்டினும் ஏற்றும், ஆனால் அது பிசிஎஸ்கே9-ஐயும் சேர்த்து ஏற்றிவிடும். மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் ஏற்பியின் தூது ஆர்என்ஏவை நிலைக்க வைத்து ஏற்றுகிறது, 2004-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு. வழிகள் பல.

ஆகவே சுத்திகரித்த பிசிஎஸ்கே9 புரதத்தை வாங்கி வெளியிலிருந்து ஊடகத்தில் சேருங்கள். மி.லி.க்கு 0.5 முதல் 10 மைக்ரோகிராம் வரை போட்டுப் பார்த்து, உள்வாங்கல் பாதியாகும் அளவைத் தேர்ந்தெடுங்கள். குர்குமின் அந்தப் புரதம் ஒட்டுவதையே தடுத்தால், வெளிப்புரதம் இருந்தும் உள்வாங்கல் மீளும். செல் பிசிஎஸ்கே9-ஐ உண்டாக்குவதை மட்டும் குறைக்கிறது என்றால், வெளியே நீங்கள் ஊற்றிய புரதம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், மீட்சி இருக்காது. கூடவே ஊடகத்திலுள்ள பிசிஎஸ்கே9-ஐ எலைசாவில் அளவிடுங்கள், ஆனால் வெளிப்புரதம் சேர்க்காத குழிகளில். நேர்க் கட்டுப்பாட்டுக்கு பிசிஎஸ்கே9-ஐ முடக்கும் எதிர்ப்புரதம் ஒன்று வேண்டும், ஸ்டாட்டின் இதற்கு உதவாது.

மீட்சி வராமல் எலைசா எண் மட்டும் குறைந்தால் தலைப்பு "ஹெப்ஜி2 செல்களில் பிசிஎஸ்கே9 சுரப்பின் மீது குர்குமினின் விளைவு" என்று இருக்கலாம். டாக்கிங்கைத் திரும்பச் செய்வதானால் புரதம் முழுவதையும் சுற்றிப் போட்ட பெட்டியை எடுத்துவிட்டு, ஈஜிஎஃப்-ஏ சேர்ந்த படிகத்தில் அந்தப் பகுதியை நீக்கி, அதே இடத்தை மையமாக வைத்துப் போடுங்கள்.